ஏழு அங்குலப் பொய்

ரயில் வண்டியைக் கைக்கடக்கமாகச் செய்து, வர்ணம் பூசி, வீட்டுக்குள்ளே தண்டவாளம் போட்டு ஓட்டிப் பார்க்கிற பெரிய மனிதர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். குழந்தைகளுக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அறைக்குள் குழந்தைகளை விடுவதற்கே அவர்களில் பலர் யோசிப்பார்கள். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, பித்தளைத் தகட்டின் பின்புறத்திலிருந்து ஊசி முனையால் ஒவ்வொரு ரிவெட்டாக அழுத்திப் புடைக்க வைக்கிறார்கள். ஒரே ஓர் எஞ்சினுக்கு ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் செலவாகிவிடுகின்றன. கேட்டால், "பொழுதுபோக்கு" என்கிறார்கள்.

அவர்கள் அப்படிச் சொல்வதை நான் நம்பவில்லை. பொழுதைப் போக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழிகள் எத்தனையோ இருக்கின்றன. இவர்களோ பொழுது போதவில்லையே என்று தவிக்கிறார்கள். அவர்களுடைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் சில வருஷங்களாக நான் விடாமல் படித்து வருகிறேன். எனக்கு ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கத் தெரியாது. தகட்டை நேராக வெட்டவும் வராது. ஆனாலும் படிக்கப் படிக்க, இது என் சொந்தத் தொழிலைப் பற்றிய விவகாரம் என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது.

இருக்கிற ஒன்றைப் பார்த்து அதைப் போலவே இன்னொன்றைச் செய்கிறவன், எவ்வளவு தூரம் உண்மையாக இருக்க வேண்டும்? எங்கே அவன் பொய் சொல்லலாம்? எங்கே சொல்லவே கூடாது? கதை எழுதுகிறவன் ஒவ்வொரு நாளும் மேஜை முன்னால் உட்காரும்போது சந்திக்கிற கேள்வி இது. இதையே அவர்கள் பித்தளையையும் தகரத்தையும் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அவர்களுடைய வாதத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே பொய்யை அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம்.

இங்கிலாந்தில் மிகப் பெரும்பாலோர் கைக்கொள்கிற அளவையே எடுத்துக்கொள்வோம். அசல் ரயிலில் ஓர் அடி என்றால் மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது, கிட்டத்தட்ட 76-இல் ஒரு பங்கு. எஞ்சினின் நீளம், புகைபோக்கியின் உயரம், ஜன்னலின் அகலம் எல்லாம் இந்தக் கணக்குப்படிதான் இருக்கும். தண்டவாளத்தின் அகலம் மட்டும் கணக்குக்குள் வராது. அசலில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 4 அடி எட்டரை அங்குலம் இருக்கிறது. அதைச் சுருக்கினால் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் விற்கிற தண்டவாளத்தில் இருப்பதோ 16.5 மில்லிமீட்டர்தான். திருப்பிப் பெருக்கிப் பார்த்தால் 4 அடி ஒன்றரை அங்குலம் வருகிறது. நடுவிலே ஏழு அங்குலத்தைக் காணோம்!

இது யாரோ தூக்கக் கலக்கத்தில் செய்த தவறு அல்ல. ஐரோப்பாவில் இந்தச் சிறு ரயில்கள் பிறந்தபோது, அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற கணக்குக்கு 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு உடம்பு ஒல்லி. ரயில் என்பதே புதிதாக இருந்த காலத்தில் கட்டிய குறுகலான பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அடியில் அவை நுழைந்து போக வேண்டியிருந்தது. அந்த ஒல்லி உடம்பை மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் சுருக்கினால், அன்றைக்கு இருந்த மோட்டார் அதன் வயிற்றுக்குள் போகவில்லை. ஆகவே உடம்பை மட்டும் 4 மில்லிமீட்டர் கணக்குக்குப் பெருக்கினார்கள். காலை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-இல் ஹார்ன்பியின் 'டப்ளோ' ரயில்கள் இந்த அளவிலேயே கடைக்கு வந்தன. அன்று ஊன்றிய பொய் இன்றுவரை நிலைத்துவிட்டது. மோட்டார்கள் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துவிட்ட பிறகும் ஏழு அங்குலம் திரும்பி வரவில்லை.

"ஏழு அங்குலம் குறைந்தால் குடியா முழுகிப்போகும்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவை நினைத்துப் பாருங்கள். கீழே பூங்கா போட்டு, அதைச் சுற்றி ஒரு ரயிலை ஓடவிட்டிருப்பார்கள். அந்த ரயிலைவிட உயரமான செட்டியாரும் செட்டிச்சியும் பக்கத்திலே கடை பரப்பி அரிசி பருப்பு விற்றுக்கொண்டிருப்பார்கள். கொலுவுக்கு வருகிற மாமிகளில் ஒருவராவது இதைக் குறை சொன்னதுண்டா? குழந்தைகளுக்கோ அந்த அளவுகூட வேண்டியதில்லை. தாமஸ் என்ற எஞ்சின் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஆட்ரி பாதிரியார், யுத்த காலத்தில் தம் பிள்ளைக்கு விளக்குமாற்றுக் கழித் துண்டுகளைக்கொண்டு ஒரு மர எஞ்சின் செய்து கொடுத்தார். அதற்குத்தான் தாமஸ் என்று பெயர் விழுந்தது. கதை 1946-இல் புத்தகமாக வந்தது. அந்தப் பிள்ளை விளக்குமாற்றுக் கழியிடம் அளவுக் கணக்கா கேட்டிருக்கும்?

பொம்மை உண்மையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பாதியைப் பொம்மை கொடுக்கிறது. மீதியைக் குழந்தையின் மனசு போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆனால் மாதிரி செய்கிறவன் வேறு ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவன். "இது இப்படித்தான் இருந்தது" என்று அவன் சொல்கிறான். அப்படிச் சொல்லத் துணிந்த மறு நிமிஷமே, "இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது. தேவதைக் கதை சொல்கிறவனை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. "எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருந்தது" என்று ஆரம்பிக்கிறவன் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டவன்.

1960-களின் நடுவில் இங்கிலாந்தில் சிலர் இந்த ஏழு அங்குலத்தை இனிமேல் பொறுத்துக்கொள்வதில்லை என்று முடிவு கட்டினார்கள். 18.83 என்றால் 18.83தான், ஒரு மயிரிழை குறையக் கூடாது. தண்டவாளத்தைச் சரிசெய்தார்கள். உடனே சக்கரத்தின் தடிமன் கண்ணை உறுத்தியது. அதையும் அசல் கணக்குக்கு மெல்லிசாக்கினார்கள். சக்கரம் தண்டவாளத்தைவிட்டு இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்கிற விளிம்பு இருக்கிறதே, அதுவும் அசல் கணக்குக்கு இறங்கி, காகிதக் கனமாகிவிட்டது. வண்டியை ஓட்டிப் பார்த்தால் தடம் புரண்டது. மேடு பள்ளத்தை மன்னித்து ஓடுவதற்குப் பழைய தடித்த விளிம்பு இருந்தது. இந்த மெல்லிய விளிம்புக்கு மன்னிக்கும் சக்தி இல்லை. என்ன செய்வது? அசல் வண்டியில் சக்கரத்துக்கு மேலே வில் இருப்பது போல் மாதிரியிலும் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி தண்டவாளத்தில் நின்றது.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு மெய்யைக் காப்பாற்றவும் ஒன்பது மெய் வேண்டியிருக்கிறது என்பதை இந்த மனிதர்களிடம்தான் நான் தெரிந்துகொண்டேன். கதையில் ஒரு பாத்திரத்தை நிஜமான மனிதனாகச் செய்துவிட்டால், அடுத்த அத்தியாயத்தில் அவனை நம் சௌகரியத்துக்குத் திருப்ப முடிவதில்லை. அவனுக்காகச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் நிஜமாக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கதை தடம் புரள்கிறது.

ஆனால் இந்த வழியில் கடைசிவரைக்கும் போய்விட முடியுமா? முடியாது. ஒரு மைல் தூரத்தை 4 மில்லிமீட்டர் கணக்கில் போட்டால் 69 அடிக்கு மேல் வருகிறது. யார் வீட்டில் 69 அடிக்குக் கூடம் இருக்கிறது? ஆகவே ஊருக்கும் ஊருக்கும் நடுவே நான்கு அடிதான். நிதானமாக வளைய வேண்டிய பாதை சுவர் இடிக்கிறதே என்று சடக்கென்று திரும்புகிறது. எடையிலும் இதே கதை. நீளம் 76-இல் ஒரு பங்கு என்றால் எடை நான்கரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. 100 டன் எஞ்சின் கால் கிலோகூட இல்லாமல் போகிறது. இழுக்கப் பிடிமானம் வேண்டுமே என்று உள்ளே ஈயத்தைத் திணிக்கிறார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மரப்பலகை வைத்த சரக்கு வாகனை மரத்தாலேயே செய்தால் மரம் மாதிரி இருப்பதில்லை! மரத்தின் ரேகை சுருங்குவதில்லை அல்லவா? 76-இல் ஒரு பங்கு வாகனில் அசல் ரேகை பனைமரச் செதில் போல் தெரிகிறது. ஆகவே பிளாஸ்டிக் தகட்டில் மெல்லிய கீறல் போட்டு, சாம்பல் கலந்த வர்ணம் பூசினால்தான் பழைய பலகை போல் இருக்கிறது. நிறத்துக்கும் இந்த விதிதான். அசல் எஞ்சினுக்கு அடித்த அதே பச்சையை மாதிரிக்கு அடித்தால் ரொம்பவும் கறுத்துத் தோன்றுகிறது. கொஞ்சம் வெளுப்பைக் கலந்தால்தான் கண் நம்புகிறது. நிலக்கரி ஒன்றுதான் விதிவிலக்கு. அசல் கரியை நுணுக்கிப் போட்டால் கரி மாதிரியே இருக்கிறது. இத்தனை சாமான்களில் வேஷம் போடாமல் நடிக்கிற ஒரே நடிகன் அதுதான்.

ஆகவே, மாதிரி என்றாலே பொய் கலந்ததுதான். பொய்யே இல்லாத மாதிரி வேண்டுமென்றால் அசல் எஞ்சினையே கொண்டுவந்து கூடத்தில் நிறுத்த வேண்டியதுதான். இதை ஒப்புக்கொண்ட பிறகு கேள்வி வேறு விதமாகத் திரும்புகிறது. பொய் இருக்கலாமா என்பது கேள்வியல்ல. எந்தப் பொய் இருக்கலாம், எது இருக்கக் கூடாது? அதைப் பிரித்துப் பார்க்க ஒரு தராசு உண்டா?

சென்னையில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற எஞ்சினீயர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது இந்தப் பைத்தியத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, உள்ளங்கையில் அடங்குகிற நிலக்கரி வாகன் ஒன்றை எடுத்துக் காட்டினார். செங்காவி நிறம், பக்கவாட்டில் ஏழு பலகை, அதன்மேல் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் பெயர் பெரிய வெள்ளை எழுத்தில். எழுத்து மட்டும் இரண்டு வாரத்து வேலை என்றார். அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நான் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததும், ஒரு கிண்ணத்தில் கறுப்பும் பழுப்புமாகக் கரைத்துவைத்திருந்த சாயத்தைத் தூரிகையில் தோய்த்து, அந்த எழுத்தின்மேல் தாராளமாக இழுத்தார்.

"என்ன சார் இது? இரண்டு வார வேலையைப் பாழாக்குகிறீர்களே!" என்று கத்தியேவிட்டேன்.

"பாழாக்கவில்லை, தம்பி. இருபது வருஷம் ஓடவிடுகிறேன்" என்றார் அவர், துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே.

பிறகு கத்தி முனையால் ஒரு பலகையின் வர்ணத்தை மட்டும் சுரண்டி எடுத்து, வெறும் மரத்தின் சாம்பல் நிறத்தைப் பூசினார். அந்தப் பலகையோடு இரண்டு எழுத்துகளின் இடுப்பும் போயிற்று. பலகை உடைந்தால் புதுப் பலகை அடிப்பார்கள். அதற்கு வர்ணம் அடிக்க யுத்த காலத்தில் யாருக்கு நேரம் இருந்தது என்றார். அந்த வாகன்களின் கதையையும் சொன்னார். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வாகன்கள் பிரிட்டனில் தனியார் கம்பெனிகளுக்குச் சொந்தமாக இருந்தன. 1939-இல் யுத்தம் வந்ததும் அரசாங்கம் அவற்றைப் பொதுவில் எடுத்துக்கொண்டது. எந்தச் சுரங்கத்து வாகன் எந்த ஊருக்குப் போகிறது என்ற கணக்கே இல்லாமல் போயிற்று. பெயர் எழுதிய கம்பெனி அதைத் தேடவும் இல்லை, துடைக்கவும் இல்லை. 1948-இல் எல்லாம் தேசவுடைமை ஆயிற்று. மங்கிப்போன எழுத்து மட்டும் வாகனில் மிஞ்சியது.

இப்போது அந்த உள்ளங்கை வாகனைப் பார்த்தேன். சற்று முன்பு அது அழகான சாமான். இப்போது அதற்கு ஒரு ஜாதகமே இருந்தது.

அழுக்கு என்பது தேதி. இங்கிலாந்தில் எஞ்சின் டிரைவராக ஆசைப்பட்ட பையன், முதலில் எஞ்சின் துடைக்கிற வேலையில்தான் சேருவான். எண்ணெயும் கரியும் அப்பிய இரும்பை வருஷக்கணக்கில் துடைத்த பிறகு பயர்மேன். அதற்கும் பல வருஷம் கழித்து டிரைவர். 1930-களில் ஓடிய எக்ஸ்பிரஸ் எஞ்சின்கள் கண்ணாடி போல் மின்னியது அந்தப் பையன்களின் கைவண்ணம். யுத்தத்துக்குப் பிறகு, கரி அப்பாமலே கூலி தருகிற வேலைகள் வெளியே கிடைத்தன. ரயில்வேக்குப் பையன்கள் வருவது குறைந்தது. எஞ்சின்களின்மேல் அழுக்கு ஏறிற்று. நீராவியின் கடைசி நாட்களில், பெயர்ப் பலகையும் கழற்றப்பட்டு, பச்சை எது கறுப்பு எது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரிய பாதைகளில் நீராவி ஓய்ந்தது. ஆகவே 1967-ஆம் வருஷத்து எஞ்சின் என்று சொல்லிப் பளபளவென்று ஒன்றைச் செய்தால் அது பொய். 1935-ஆம் வருஷத்து எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்கு அழுக்குப் பூசினாலும் அதே அளவு பொய். முதல் பொய், பையன்கள் வராததை மறைக்கிறது. இரண்டாவது பொய், வந்த பையன்களின் உழைப்பை மறைக்கிறது.

குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஓடுகிற வெள்ளி ரயில் ஒன்று உண்டு. மதுப் புட்டிகளையும் சுருட்டையும் ஏற்றிக்கொண்டு விருந்தாளிகள் முன்னால் போகும். பார்க்க ரம்மியமான சாமான்தான். அதைப் பழிக்க எனக்கு உத்தேசமில்லை. அது ரயிலைப் போல் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கொலு ரயிலுக்குக் கொடுத்த மன்னிப்பை அதற்கும் கொடுத்துவிடலாம். ஆனால் கரி அள்ளிப் போடுகிறவன் இல்லாமலேயே ரயில் ஓடும் என்று ஒருவன் நம்ப ஆசைப்பட்டால், அதற்கு மிக வசதியான ரயில் அது.

அழுக்குப் பூசினால் உண்மை வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மான்டரே என்ற ஊரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர், துருவும் தூசியும் ஏறிய எஞ்சின்களும் வாகன்களும் ஓடுகிற பிரமாதமான சிறு உலகம் ஒன்றைத் தம் வீட்டில் சிருஷ்டித்தார். அவருக்கு முன்னால் புத்தம் புது வண்டிகளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அதிசயமாக இருந்தது. 1973 ஜனவரியில் அவர் காலமானார். பத்தே நாளில் அந்த உலகத்தின் பெரும்பகுதி தீக்கு இரையாயிற்று. ஆனால் அழுக்குப் பூசும் பழக்கம் அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. இன்று தொழிற்சாலையிலேயே அழுக்குத் தெளித்து அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே பழுப்பு. அதற்குக் கொஞ்சம் விலையும் அதிகம். அழுக்கும் ஓர் அலங்காரமாகிவிட்டது.

ஏழ்மையைப் பற்றி எழுதுகிற எங்களுக்கும் இந்த வியாதி உண்டு. ஒழுகும் கூரை, எண்ணெய் காணாத தலை, இருமும் கிழவர் என்று மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே பழுப்பாகத் தெளித்துவிட்டு, "யதார்த்தம்" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். வாசகர்களும் கண் கலங்குகிறார்கள். ஆனால் அந்த இருமல் எந்த ஆலையின் எந்தப் பஞ்சிலிருந்து வந்தது என்று எழுதியவனுக்கே தெரிந்திருக்காது.

தெரிந்து பூசுகிற அழுக்கு வேறு மாதிரி இருக்கும். பிரேக் கட்டை தேய்கிற தூள் சக்கரங்களைச் சுற்றியும் அடிப்பாகத்திலும் செம்பழுப்பாக ஒட்டும், கூரைக்கு ஏறாது. கூரையில் படிவது புகைக் கரி. பாய்லர்த் தண்ணீர் கசிகிற இடங்களில் சுண்ணாம்பு வெள்ளையாக வழிந்திருக்கும். சக்கரங்களை ஓட்டும் தண்டுகளில் தூசி இராது, எண்ணெய் மினுக்கும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் ஒரு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஓர் ஆள்.

இந்த "ஆள்" என்ற வார்த்தைக்கு வந்ததும் நான் தேடிய தராசு கிடைத்துவிட்டது போல் தோன்றுகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய பிரிட்டிஷ் சரக்கு வாகன்களின் பக்கவாட்டில் ஒரு நீளமான இரும்புக் கோல் இருக்கும். அதுதான் கைப் பிரேக். ஷண்டிங் செய்கிற ஆள், ஓடுகிற வாகனோடு கூடவே ஓடி அந்தக் கோலை அழுத்தி வண்டியை நிறுத்துவான். பல வாகன்களில் அந்தக் கோல் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கம் நிற்கிற ஆள் என்ன செய்வான்? வாகன்களுக்கு நடுவே புகுந்து குறுக்கே போக வேண்டும். ராத்திரியிலும் மழையிலும் அப்படிப் போய்க் கை கால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் ஒருவர் இருவர் அல்ல. 1900-இல் ரயில்வேத் தொழிலாளரை விபத்திலிருந்து காப்பதற்கென்றே பார்லிமெண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் 1911-இல் வந்த விதி, புது வாகன்களில் இரண்டு பக்கமும் பிரேக் கோல் இருக்க வேண்டும் என்றது. பழைய வாகன்களை மாற்ற முதலாளிகளுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் நீண்டுகொண்டே போயிற்று.

மாதிரி வாகனில் அந்தக் கோல் 3 சென்டிமீட்டர்கூட இராது. தலைமயிர் போன்ற கம்பி. 1905-ஆம் வருஷத்து வாகன் செய்கிறவன் அதை ஒரு பக்கம் மட்டும் வைக்கிறான். 1920-ஆம் வருஷத்துப் புது வாகனுக்கு இரண்டு பக்கமும் வைக்கிறான். வாகனைத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டால் மறுபக்கம் யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் அந்தக் கம்பி அங்கே இருக்கிறதா இல்லையா என்பதில், பெயர் தெரியாத எத்தனையோ ஷண்டிங் ஆட்களின் கையும் காலும் இருக்கின்றன.

ஏழு அங்குலம் குறைந்த தண்டவாளத்தால் எவரும் மறைந்துபோகவில்லை. மோட்டாருக்கு இடம் போதாமல் சொன்ன பொய் அது. சுவர் இடிப்பதால் சடக்கென்று வளைகிற பாதையும் அப்படித்தான். கரிப் படலம் இல்லாத எஞ்சினும், தப்பான வருஷத்துப் பிரேக் கோலும் அப்படி அல்ல. அங்கே ஒரு பையன் மறைகிறான். ஓர் ஆள் அழிக்கப்படுகிறான். ஆகவே, ஒரு பொய்யைக் கண்டால் அது எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டால் போதாது. இந்தப் பொய்யால் மறைகிறவர் யார் என்று கேட்க வேண்டும். ஒருவரும் மறையவில்லை என்றால் மன்னித்துவிடலாம். ஒருவர் மறைந்தாலும் அது சின்னப் பொய் அல்ல.

இதைக் கேட்டால் 18.83 கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள். "நீர் சொல்வது சோம்பேறிகளுக்கு வசதியான தத்துவம். தண்டவாளத்தில் ஏழு அங்குலத்தை விட்டுக் கொடுக்கிறவன் பிரேக் கோலிலும் விட்டுக் கொடுப்பான். கண்ணை ஓரிடத்தில் மூடப் பழகியவனுக்கு எல்லா இடத்திலும் மூடத் தெரியும்" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. சின்ன அளவுகளில் கறாராக இருந்து பழகிய கண்ணுக்குத்தான் அந்தக் கோல் முதலில் படுகிறது. எழுத்துப் பிழை பார்த்துப் பழகாதவன் கருத்துப் பிழையையும் பார்ப்பதில்லை. மற்றப் பாதி உண்மை இல்லை. தண்டவாளத்தை 18.83-க்குத் தீட்டிவைத்துவிட்டு, அதன்மேல் ஆளே இல்லாத ஒரு ரயில்வேயை ஓட்டுகிறவர்களும் உண்டு. கறார் என்பது கண்ணுக்குக் கொடுக்கும் பயிற்சி. அந்தக் கண்ணை எதன்மேல் வைப்பது என்பதைக் கறார் சொல்லித் தராது.

இரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவர் ராய் இங்லண்ட் என்பவர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் பிரிட்டனுக்கு வந்த இளைஞர். பெர்க்‌ஷயர் பக்கத்துக் கிராமங்களில் கூரை வேய்ந்த பழைய வீடுகளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தார். ஆனால் கண்ணெதிரிலேயே அவை ஒவ்வொன்றாக இடிந்தும் மாறியும் போய்க்கொண்டிருந்தன. தடுக்க அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆகவே அவற்றை அளந்து, குறித்துக்கொண்டு, 76-இல் ஒரு பங்காகச் செய்து காப்பாற்றுவது என்று தீர்மானித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் லாங் விட்டென்ஹாம் என்ற ஊரில் 1954-இல் தோன்றிய பெண்டன் மியூசியம். அவர் ஆரம்பித்த வேலையை மற்றவர்கள் சேர்ந்துகொண்டு இன்றும் செய்து வருகிறார்கள். அங்கே வீடுகளும் உண்டு, அவற்றுக்கு நடுவே ஓடுகிற ரயில்களும் உண்டு.

அந்த மியூசியத்தில் உள்ள கிராமத்துக்குப் பெண்டன் பார்வா என்று பெயர். அப்படி ஒரு கிராமம் பூமியில் எங்கும் கிடையாது. ஆனால் அதில் உள்ள வீடுகள் அசல் வீடுகளை அளந்து செய்தவை. ஒன்று ஒரு கிராமத்தில் இருந்தது, இன்னொன்று வேறு கிராமத்தில் இருந்தது. ஊர் கற்பனை, வீடு ஒவ்வொன்றும் நிஜம். நாவல் என்றால் என்ன என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதைவிடச் சுருக்கமாக என்னால் பதில் சொல்ல முடியாது. 'இது நிஜமாக நடந்ததா?' என்று கேட்கிற வாசகருக்கும் இதுதான் பதில். அந்த ஊரைத் தேடிப் போகாதீர்கள், கிடைக்காது. ஆனால் எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள். திறக்கிறவர் மனிதராக இருப்பார்.

என் எஞ்சினீயர் நண்பர் எஞ்சினுக்கு அழுக்குப் பூசும்போது இரண்டு இடங்களை மட்டும் விட்டுவிடுவார். டிரைவர் ஏறி இறங்குகிற வாசலின் இரு பக்கமும் நிறுத்தியிருக்கும் கைப்பிடிக் கம்பிகள் அவை. எஞ்சின் முழுவதும் கரி அப்பிக் கிடக்கும்போது அந்தக் கம்பிகள் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். அதைத் துடைக்க யாரையும் நியமிக்கவில்லை. வேலைக்கு ஏறுகிற கையும், வேலை முடிந்து இறங்குகிற கையும் பற்றிப் பற்றியே அது அப்படி ஆகிவிடுகிறதாம். தொழிற்சாலையில் மொத்தமாகப் பழுப்புத் தெளிக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. கம்பிக்கும் சேர்த்தே தெளித்துவிடுகிறார்கள்.

கஷ்டப்படுகிற மனிதர்களைப் பற்றி ஒருவர் எழுதிய கதை என் கைக்கு வந்தால், இப்போதெல்லாம் நான் அந்தக் கம்பியைத்தான் தேடுகிறேன். அழுக்கு எவ்வளவு அப்பியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். கை பட்ட இடம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். வெளுத்திருந்தால், அங்கே ஒரு மனிதன் ஏறி இறங்கியிருக்கிறான்.